படத்தில் நான் ஏன் சிரிக்கவில்லை?



போன டிசம்பரில், 1996இல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கோவளத்தில் ஒரு சந்திப்பு வைத்தீர்கள். எனக்குச் சால்வை போர்த்தி, நண்டு வறுவலோடு சாப்பாடு போட்டு, திரும்ப படூர் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டீர்கள். மறுநாள் படங்களைக் குழுவில் போட்டதும் ஒரு பிள்ளை கேட்டது: "சார், எங்க மேல கோவமா? நாப்பது போட்டோவுல ஒண்ணுலகூட நீங்க சிரிக்கல." அதற்குக் கீழே பதினேழு பேர், "ஆமா சார், ஏன் சார்?" என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நழுவிவிட்டேன்.

கோபம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் வலது பக்கம் கீழே ஒரு குகை தெரியும். அதுதான் காரணம். பல் சூத்திரம் 2123 என்று முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட அறிவியல் வாத்தியார், தன் வாயில் அந்தச் சூத்திரத்தைக் காப்பாற்ற முடியாமல் போனதைப் பிள்ளைகள் முன்னால் காட்ட வெட்கமாக இருந்தது.

முந்தாநாள் அந்த வேலை முடிந்தது. இப்போது சொல்லலாம். பல் போனது, பாலம் கட்டியது, பாலம் இடிந்தது, மறுபடி கட்டியது என்று இது கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு இப்போது 45 வயது நெருங்குகிறது. இந்தப் பாடம் உங்களுக்குத் தேவைப்படும் வயது.

முதலில், பல் எப்படிப் போனது?

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பிரஷ், பேஸ்ட் எல்லாம் கிடையாது. கேளம்பாக்கம் உப்பளத்து உப்பும் அடுப்புக் கரியும்தான். ஆலும் வேலும் என்று பழமொழி சொல்லிக் கொடுத்த வாய்தான் இதுவும். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, மாலையில் கடலை மிட்டாய். இரவு பல் துலக்கும் வழக்கம் என் வீட்டில் யாருக்கும் இல்லை. நாம் தின்னும் சர்க்கரையை வாயில் உள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். இதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். நடத்தி முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

சொத்தை விழுந்த பல் முதல் பின் கடைவாய்ப்பல். இதைப் பற்றி இளம் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குச் சுமார் 6 வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். பல் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுக்க மெல்லுவதில் பெரும்பங்கு வேலை அதனுடையதுதான். இன்று இரவே டார்ச் அடித்து உங்கள் பிள்ளை வாயில் பாருங்கள்.

எனக்கு வலி இல்லாதவரை சொத்தையை நான் கண்டுகொள்ளவில்லை. வலி வந்தபோது கிராம்பு வைத்தேன். அதற்கும் மேலே வந்தபோது மாத்திரை போட்டேன். 2010இல் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று. "முப்பத்திரண்டில் ஒண்ணுதானே" என்று வீட்டில் சொன்னேன்.

பல் வரிசை என்பது பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்த சீட் மாதிரி. நடுவில் ஒருவர் எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவர் சாய்ந்து உட்காருவார். ஆறு வருடம் அந்த இடத்தை நான் காலியாக விட்டுவைத்தேன். பின்னால் இருந்த பல் முன்பக்கம் சாய்ந்தது. மேல்வரிசையில் அதற்கு நேராக இருந்த பல், கடிக்க எதிராளி இல்லாததால் கொஞ்சம் கீழே இறங்கியது. வலி இல்லாமல் நடந்த வேலை என்பதால் எனக்குத் தெரியவே இல்லை.

2015இல் ஓய்வு பெற்றேன். கையில் பணம் வந்தது. அடுத்த வருடம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். "பக்கத்துப் பல் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு பிரிட்ஜ் போட்டுடலாம் சார், ரெண்டே சிட்டிங்" என்றார்கள். நான் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. எவ்வளவு ஆகும்? எத்தனை வருடம் வரும்? வகுப்பில் "ஏன்? எப்படி?" என்று கேட்காத பிள்ளையை எழுப்பி நிற்க வைத்த ஆள் நான்.

சரி, பாடத்துக்கு வருவோம். பிரிட்ஜ் என்றால் என்ன?

முட்டுக்காடு பாலத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாலத்துக்குத் தளம் மட்டும் போதாது. அதைத் தாங்க கால் வேண்டும், காலும் தளமும் சேரும் இணைப்பு வேண்டும், அடியில் தண்ணீர் ஓட இடமும் வேண்டும். பல் பாலத்திலும் அதேதான்.

போன பல்லின் இரு பக்கமும் இருக்கிற சொந்தப் பற்கள்தான் கால்கள். இவற்றை அபட்மென்ட் என்கிறார்கள், நாம் தாங்கு பல் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாங்கு பல்லைச் சுற்றிலும் ராவி, சிறிதாக்கி, அதன் மேல் தொப்பி போல மாட்டுவது ரீடெய்னர். நாம் வழக்கில் கேப் என்று சொல்வது. நடுவில் வேர் இல்லாமல் தொங்குகிற போலிப் பல்லின் பெயர் பாண்டிக். லத்தீன் மொழியில் பாலத்துக்கு 'பான்ஸ்' என்று பெயர், அதிலிருந்து வந்த சொல். தொப்பியையும் போலிப் பல்லையும் சேர்க்கும் இடம் கனெக்டர், அதாவது இணைப்பு. நான்கே உறுப்புகள். இவற்றோடு தொப்பியைப் பல்லோடு ஒட்டும் சிமெண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது புது யோசனை அல்ல. இத்தாலியில் எட்ருஸ்கர்கள் என்ற மக்கள் 2500 வருடங்களுக்கு முன்பே தங்கப் பட்டையை நல்ல பற்களில் மாட்டி, நடுவில் வேறொரு பல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். அவர்கள் பல்லை ராவவில்லை, கட்டினார்கள். நம் ஊரில் "பல் கட்டுறது" என்று சொல்வது அதற்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது.

அடுத்து, பாலம் எதனால் கட்டுகிறார்கள்?

முன்பு தங்கக் கலவை. துருப்பிடிக்காது, ஓரம் பல்லோடு கச்சிதமாகப் படியும், எதிர்ப் பல்லைத் தேய்க்காது. குறை இரண்டு: விலை, பளபளப்பு. என் தாத்தா காலத்தில் அந்தப் பளபளப்பு அந்தஸ்து, இன்று யாரும் விரும்புவதில்லை.

அடுத்து வந்தது உலோகத்தின் மேல் பீங்கான். 2016இல் எனக்குப் போட்டது அதுதான். உள்ளே நிக்கல் குரோமியம் அல்லது கோபால்ட் குரோமியம் கலவையில் சட்டம், அதன் மேல் பல் நிறத்தில் பீங்கான் பூச்சு. சூளையில் வைத்துச் சுடுவார்கள். இங்கே எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்ததும் அது சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும். இங்கேயும் சூளையிலிருந்து எடுத்ததும் உலோகமும் பீங்கானும் சுருங்கும். உலோகம் பீங்கானைவிடச் சற்றே அதிகமாகச் சுருங்கும்படி கலவையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் பீங்கான் எப்போதும் லேசான அழுத்தத்தில் இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் பீங்கான் எளிதில் விரிசல் விடாது. இந்த முறைக்கு அமெரிக்காவில் 1962இல் காப்புரிமை வாங்கினார்கள். இன்றும் நம்பகமான முறைதான். பீங்கான் எப்போதாவது சில்லு பெயரும், ஈறு கீழே இறங்கினால் உலோகத்தின் கருப்புக் கோடு தெரியும், சிலருக்கு நிக்கல் ஒவ்வாமை உண்டு. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கும் பெண்கள் பல் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது பரவலாக வந்திருப்பது சிர்க்கோனியா. உலோகம் இல்லை, சிர்க்கோனியம் ஆக்சைடு. இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆனந்தமாக இருந்தது, ஏனென்றால் இது நம் கடற்கரைச் சமாச்சாரம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்க்கான் ஒன்று. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் சிர்க்கோனியம் தயாரிக்கும் மத்திய அரசு ஆலை இருக்கிறது. நமக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் யுரேனியத்தை அடைத்து வைக்கும் குழாய்கள் சிர்க்கோனியக் கலவையால் ஆனவை. கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். பயம் வேண்டாம், பல்லுக்கும் அணு உலைக்கும் இந்தத் தனிமத்தின் பெயர் மட்டும்தான் பொது.

சிர்க்கோனியாவின் சிறப்பு, அதில் விரிசல் விழ ஆரம்பித்தால் நுனியில் இருக்கும் படிகங்கள் உருமாறிச் சற்றே பருத்து விரிசலை நெருக்கி நிறுத்திவிடும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1975இல் இதை வெளியிட்டார்கள். செய்யும் விதமும் வேடிக்கை. சுண்ணாம்புக் கட்டி போன்ற மென்மையான வில்லையில் கம்ப்யூட்டர் உதவியோடு பாலத்தைக் கடைவார்கள், தேவையான அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. பிறகு 1500 டிகிரி செல்சியஸ் அளவில் சுடும்போது சுருங்கி சரியான அளவுக்கு வந்து இறுகிவிடும். நாம் பணியாரத்துக்கு உப்பும் என்று மாவைக் குறைத்து ஊற்றுகிறோம், அவர்கள் சுருங்கும் என்று பெரிதாகக் கடைகிறார்கள்.

இவ்வளவும் எனக்கு இப்போது தெரிகிறது. 2016இல் தெரியாது. அன்று கண்ணாடியில் பார்த்து, நடுவில் புதுப் பல் பளிச்சென்று இருந்ததைப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். பாலத்தின் தளத்தைப் பார்த்தேனே தவிர, காலையும் பார்க்கவில்லை, அடியில் தண்ணீர் ஓடுமா என்றும் பார்க்கவில்லை.

அந்தப் போலிப் பல்லை ஈற்றின் மேல் குதிரைச் சேணம் மாதிரி இரு பக்கமும் கவ்வி உட்காரும்படி செய்திருந்தார்கள். அடியில் பிரஷ்ஷும் போகாது, நூலும் போகாது. "கீழே சுத்தம் பண்ணணும்" என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது வருடமே வாயில் லேசான வாடை. என் பேத்தி கதை கேட்க மடியில் உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழந்தைதானே என்று விட்டுவிட்டேன். அது எனக்கு வந்த முதல் எச்சரிக்கை.

போன நவம்பரில், தீபாவளி முறுக்கில் மிச்சம் இருந்த ஒன்றைக் கடித்தேன். 'டக்' என்றது. பாலம் ஆடியது.

இந்தத் தடவை போனது, என் மாணவி ஒருத்தியின் மகளிடம். செயற்கைப் பல் கட்டுவதிலேயே மேற்படிப்பு படித்த பெண். அம்மாவின் சார் என்பதால் அவளுக்கும் நான் சார். துணைக்கு என் அக்கா வந்தாள். எனக்கு 67 வயது, அவளுக்கு 70. இன்றும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் அக்கா வராமல் இருக்க மாட்டாள்.

டாக்டர் பாலத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மேலே பீங்கான் அப்படியே பளபளப்பாக இருந்தது. திருப்பிப் பார்த்தால், தொப்பிக்குள் ஒரு பக்கம் சிமெண்ட் கரைந்து, சொந்தப் பல் பழுப்பு மாவாக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்துத் தாங்கு பல், தொப்பிக்குள்ளேயே சத்தமில்லாமல் அழுகியிருந்தது.

உதவியாளரிடம் அவள், "நாப்பத்தாறு மிஸ்ஸிங், நாப்பத்தஞ்சு டவுட்ஃபுல்" என்று சொல்லி எழுத வைத்தாள். ரத்த அழுத்தம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பல்லின் எண்ணாம். 4 என்றால் கீழ்த்தாடை வலது பக்கம், 6 என்றால் நடுவிலிருந்து ஆறாவது பல். நான் விடுவேனா, கணக்கைச் சொல்லு என்றேன். அவளும் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்.

பாலம் தாங்குமா என்று பார்க்க ஒரு பழைய விதி இருக்கிறது. ஆன்டே என்ற கனடா நாட்டுப் பல் டாக்டர் 1926இல் சொன்னது. எலும்புக்குள் பதிந்திருக்கும் தாங்கு பற்களின் வேர்ப்பரப்பு, போன பற்களின் வேர்ப்பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். இப்போது இதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை, ஆனாலும் நல்ல வழிகாட்டி. சராசரி அளவில் 46ஆம் பல்லின் வேர்ப்பரப்பு சுமார் 431 சதுர மில்லிமீட்டர். அதன் முன்னால் இருக்கும் 45க்கு 207, பின்னால் இருக்கும் 47க்கு 426. இரண்டு கால்களும் சேர்ந்து 633. போனது 431. கணக்கு நிற்கிறது.

"ஆனா சார், நாப்பத்தஞ்சும் போயிட்டா?" என்று அடுத்த வரியை எழுதினாள். அப்போது போனவை இரண்டு: 207, 431, மொத்தம் 638. தாங்க மிஞ்சுபவை 44உம் 47உம்: 180, 426, மொத்தம் 606. கணக்கு உதைக்கிறது. கோரைப்பல்லையும் சேர்த்து ராவினால்தான் சரியாக வரும். இன்னொரு தொல்லையும் உண்டு. தளத்தின் நீளம் 2 மடங்கானால் அது வளைவது 2 மடங்கு அல்ல, 8 மடங்கு. வளையும் தளத்தில் பீங்கானும் நிற்காது, சிமெண்டும் நிற்காது.

ஆக, அழுகிய அந்த ஒற்றைக் காலைக் காப்பாற்ற முடியுமா என்பதில்தான் எல்லாம் இருந்தது. முடியாவிட்டால் இதுவரை யாரும் கை வைக்காத இன்னும் இரண்டு நல்ல பற்கள் ராவப்படும்.

அப்போதுதான் அக்கா கேட்டாள். அதுவரை மூலையில் கையில் பையோடு உட்கார்ந்திருந்தவள்.

"ஏம்மா, கெட்டுப்போன பல்லு போயிடுச்சு. அதுக்கு எதுக்கு நல்லா இருக்கிற பல்லைப் போய் ராவுறீங்க?"

டாக்டர் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நியாயமான கேள்விம்மா. எங்க கிட்ட யாரும் கேக்கறதில்ல. தொப்பி மாட்ட ராவும்போது பல்லோட மேல்பாகத்துல பாதிக்கு மேல போயிடும். திரும்ப வளராது. 2016ல சாருக்கு அந்த ரெண்டு பல்லும் சொத்தையில்லாம இருந்திருந்தா, வேற வழியும் சொல்லிட்டுத்தான் ராவியிருக்கணும்."

வேறு வழிகள் உண்டு. எலும்பில் டைட்டானியம் திருகாணி பதித்து அதன் மேல் பல் வைப்பது இம்ப்ளான்ட். ஸ்வீடனில் பிரேனமார்க் என்பவர் 1965இல் முதல் நோயாளிக்குச் செய்தார். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை, ஆனால் எலும்பு போதுமானதாக இருக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், செலவும் அதிகம். முன்பல் ஒன்று போயிருந்தால், பக்கத்துப் பல்லின் பின்புறம் இறக்கை போல ஒட்டும் மேரிலாண்ட் பாலம் உண்டு. அதற்கு அதிகம் ராவத் தேவையில்லை. கழற்றி மாட்டும் பல்லும் உண்டு. பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் பாலம்தான் நல்லது. எனக்கு 2016இல் இந்தப் பேச்சே நடக்கவில்லை. இப்போது கால்கள் இரண்டும் ஏற்கெனவே ராவப்பட்டவை, அதனால் மறுபடி பாலம்தான் சரி என்றாள். 45 பிழைத்தால்.

திரும்பும்போது ஆட்டோவில் நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. அக்காவின் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உறவினர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. 1971இல் எங்கள் அப்பா போனார். நான் ஒன்பதாவது. அக்கா எனக்கு இரண்டு வகுப்பு மேலே. கணக்கில் என்னைவிடக் கெட்டி. எனக்குப் பின்ன வகுத்தல் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அப்பா போன ஒரு மாதத்தில் அவள் பள்ளிக்கூடப் பையை எனக்குக் கொடுத்துவிட்டு உப்பளத்துக்கு உப்புக் கூடை சுமக்கப் போனாள். அம்மா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். நடுவில் நான் உட்கார்ந்து படித்தேன். உங்களுக்கெல்லாம் சார் ஆனேன். எதற்கு நன்றாக இருந்த ஒருத்தியை ராவினோம் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஆட்டோவிலேயே சொன்னேன், "அக்கா, நீதான்க்கா அந்த நல்ல பல்லு."

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். "போடா. ஊசி போட்டதுல மூளையும் மரத்துப்போச்சு உனக்கு" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு, "வாய மூடு, காத்து படும்" என்றாள்.

இனி மிச்சக் கதை. 45க்கு ரூட் கேனால் செய்தாள். சொத்தையை எல்லாம் சுரண்டி எடுத்த பிறகு, ஈற்றுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரம் நல்ல பல் மிஞ்சினால்தான் தொப்பி பிடிக்கும் என்றாள். பீப்பாய்க்கு வளையம் போடுவது மாதிரி. அளந்து பார்த்தாள். ஒரு பக்கம் ஒட்டி உரசி இருந்தது. "பார்டர் மார்க் சார், பாஸ் பண்ணி விடுறேன்" என்று சிரித்தாள். முப்பத்திரண்டு வருடம் நான் எத்தனை பேருக்கு அந்த ஒரு மார்க்கைப் போட்டிருப்பேன்! அது எனக்குத் திரும்பி வந்தது.

உள்ளே நார்க்கம்பி வைத்துக் கட்டியெழுப்பி, அளவெடுத்து, தற்காலிகமாக அக்ரிலிக் பாலம் மாட்டினாள். பதினாறு நிறங்கள் கொண்ட பல் அட்டவணையை ஜன்னல் வெளிச்சத்தில் என் பல்லோடு வைத்துப் பார்த்தாள். வெள்ளையாக வேண்டும் என்று கேட்டேன். "உங்க வயசுக்கு அது சுவிட்ச் போட்ட மாதிரி இருக்கும் சார்" என்று மறுத்துவிட்டாள். டீக்கறையோடு ஒத்துப்போகும் நிறம்தான் கிடைத்தது.

புதுப் பாலம் சிர்க்கோனியா. முக்கியமான மாற்றம் அதில் இல்லை, அடியில் இருக்கிறது. போலிப் பல்லின் அடிப்பக்கம் இப்போது உருண்டையாக, கன்னத்துப் பக்கம் மட்டும் ஈற்றை லேசாகத் தொட்டுக்கொண்டு, நாக்குப் பக்கம் விலகி நிற்கிறது. நூல் தாராளமாகப் போய்வரும். சிலருக்குக் கீழ்க் கடைவாயில் ஈற்றைத் தொடாமல் இடைவெளி விட்டே கட்டுவார்களாம், முட்டுக்காடு பாலத்துக்கு அடியில் படகு போகிற மாதிரி.

முந்தாநாள் நிரந்தரமாக ஒட்டினாள். தினமும் இரவு, நுனி விறைப்பாக இருக்கும் பல் நூலை அடியில் கோத்து இழுக்கிறேன். ஊசியில் நூல் கோப்பது போலத்தான். நாலு நிமிடம் ஆகிறது. முதல் நாள் பத்து நிமிடம் ஆனது, பேத்தி பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள்.

வாத்தியாராக இருந்துவிட்டு வீட்டுப்பாடம் கொடுக்காமல் போக முடியுமா? யாராவது உங்களுக்குப் பல் பாலம் கட்டச் சொன்னால் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. பக்கத்துப் பற்கள் சொத்தையில்லாமல் இருக்கின்றனவா? இருந்தால், அவற்றை ராவாமல் வேறு வழி உண்டா?
2. எக்ஸ்ரேயில் கால்களின் வேரும் எலும்பும் எப்படி இருக்கின்றன?
3. என்ன பொருள்? உள்ளே என்ன உலோகம்? எனக்கு ஒவ்வாமை வருமா?
4. போலிப் பல்லின் அடியில் நூல் போகுமா? எப்படி விடுவது என்று என் கையாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.
5. மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும்? வலி வந்தால் அல்ல, வலி வராமலே.

எவ்வளவு, எத்தனை வருடம் என்ற இரண்டையும் இதற்குப் பிறகு கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. முந்தாநாள் என் வேலை முடிந்ததும் நான் நாற்காலியிலிருந்து இறங்கி, அக்காவை ஏறச் சொன்னேன். "எனக்கு எதுக்குடா, எனக்கு வலியே இல்ல" என்றாள். 2010இல் நான் சொன்ன அதே வார்த்தை. விடவில்லை. எழுபது வருடத்தில் முதல் முறையாக ஒரு பல் டாக்டர் அவள் வாயைப் பார்த்தாள். உப்பும் கரியும் ஓரளவு காப்பாற்றியிருக்கிறது, இருபத்தாறு பல் இருக்கிறது. இரண்டில் சொத்தை. அன்றே ஒன்றை அடைத்தார்கள், அடுத்த வாரம் இன்னொன்று. "தாங்குற பல்லைத்தான் முதல்ல பாக்கணும்" என்று டாக்டர் பெண் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் என் வாயைப் பற்றித்தான் சொன்னாள்.

96ஆம் ஆண்டுப் பிள்ளைகளே, அடுத்த சந்திப்பை எப்போது வைக்கிறீர்கள்? அக்காவையும் அழைத்து வருகிறேன். படம் எடுப்பவன் "சிரிங்க சார்" என்று சொல்லவே வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளைகளின் ஆறு வயதுப் பல்லைப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். பார்க்காமல் "சூப்பர் சார்" என்று மட்டும் எழுதுகிறவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றுவேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார், படூர்.